அழைப்பு வந்தாயிற்று, விசா வரவில்லை: இளம் மிஷனெரிகளின் பயணம் எங்கே சிக்குகிறது?

இருபது வயதுப் பெண்ணோ பையனோ ஓராண்டு ஊழியத்துக்கு வெளிநாடு போவதாகச் சபையில் அறிவித்தாயிற்று. அழைத்த அமைப்பின் கடிதம் கையில் இருக்கிறது, பங்காளர்கள் காணிக்கையும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் மாதக்கணக்கில் விசா வருவதில்லை. பிள்ளை வேலையை விட்டிருப்பான், கல்லூரிச் சேர்க்கையைத் தள்ளிப்போட்டிருப்பான். ஏன் தாமதம் என்று பெற்றோர் கேட்டால், "எம்பசியில் இருக்கிறது" என்ற பதில்தான் கிடைக்கிறது.

உண்மையில் தூதரகம் விண்ணப்பத்தைக் கையில் வைத்திருக்கும் காலம் மொத்தத் தாமதத்தில் ஒரு பகுதி மட்டுமே. மீதி தவறான விசா வகையிலும், பெயர் பொருந்தாத சான்றிதழ்களிலும், காலாவதியான காகிதங்களிலும் கரைந்துபோகிறது. இந்த மூன்றும் அனுப்பும் சபையின் கைக்குள் இருப்பவை. இந்தியப் பாஸ்போர்ட்டில் தமிழ்நாட்டிலிருந்து புறப்படும் இளைஞர்களை மனதில் வைத்து, சிக்கல் எங்கெங்கே முளைக்கிறது, அதை எப்படி அவிழ்ப்பது என்று கீழே பார்க்கலாம்.

முதல் கேள்வி: எந்த விசா?

"மிஷனெரி விசா" என்று எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒன்று கிடையாது. ஒவ்வொரு நாடும் மூன்று கேள்விகளை வைத்து வகை பிரிக்கிறது. அங்கே என்ன செய்யப்போகிறார், எவ்வளவு காலம், செலவை யார் ஏற்கிறார்? இவற்றுக்கு எழுத்தில் பதில் இல்லாமல் விண்ணப்பப் படிவத்தைத் திறக்கவே கூடாது.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். இளம் ஊழியர்களுக்குப் பொருந்தக்கூடிய தற்காலிக வழிகள் இரண்டு. ஒன்று அறப்பணித் தொண்டர் விசா. சம்பளமில்லாத தொண்டு, அதிகபட்சம் 12 மாதம். மற்றது சமயப் பணியாளர் விசா. 24 மாதம் வரை. இரண்டுக்கும் உள்துறையின் உரிமம் பெற்ற அமைப்பு ஸ்பான்சர் சான்று எண் தர வேண்டும். உரிமம் இல்லாத ஒரு சபை எவ்வளவு அன்பான அழைப்புக் கடிதம் அனுப்பினாலும் அதை வைத்து இந்த விசாக்களுக்கு விண்ணப்பிக்க முடியாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2019 ஜனவரியில் விதி மாறியதிலிருந்து, சபையை நடத்தும் போதகர் பொறுப்புக்குச் சமயப் பணியாளர் விசா பொருந்தாது. அதற்குத் தனி விசா உண்டு, கூடுதல் ஆங்கிலத் தகுதியும் வேண்டும். ஸ்பான்சர் கடிதத்தில் "உதவிப் போதகராக ஆராதனைகளை நடத்துவார்" என்று மரியாதைக்காக எழுதிய ஒரு வரி, வாலிபர் கூடுகையில் உதவி செய்யப் போகும் பிள்ளையின் விண்ணப்பத்தையே கவிழ்த்துவிடலாம்.

அமெரிக்காவுக்கு இரண்டு வழி. ஆர்-1 என்பது சமயப் பணியாளர் விசா. இதில் முதல் அடியை எடுத்து வைப்பவர் இளைஞர் அல்ல, அங்குள்ள அமைப்பு. அது ஐ-129 மனுவைக் குடிவரவுத் துறையில் தாக்கல் செய்து ஒப்புதல் பெற்ற பிறகே இவர் சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு முன்பதிவு செய்ய முடியும். மனுத் தாக்கலுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் தொடர்ச்சியாக அதே சமயப் பிரிவில் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். வாரம் சராசரியாக 20 மணி நேரமாவது பணி இருக்க வேண்டும். முதல் அனுமதி 30 மாதம் வரை. அழைக்கும் அமைப்பின் இடத்துக்கே அதிகாரிகள் வந்து ஆய்வு செய்யக்கூடும். அந்த ஆய்வில் ஏற்கெனவே தேறிய அமைப்புக்குத்தான் கூடுதல் கட்டண விரைவுப் பரிசீலனை கிடைக்கும். ஆகவே, முதல்முறையாக ஆர்-1 மனுப் போடும் சிறிய சபை அழைத்தால், பலமுறை போட்ட பெரிய அமைப்பை விட நெடுநாள் ஆகும் என்று எதிர்பார்க்கலாம்.

இரண்டாண்டு உறுப்பினர் விதி தமிழ்ச் சபைப் பிள்ளைகளுக்குக் குறிப்பாகச் சிக்கல் தருகிறது. சிஎஸ்ஐ எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையில் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்று, கல்லூரியில் படிக்கும்போது சுயாதீன சபை ஒன்றில் சேர்ந்து, அதன் வழியாக வெளிநாட்டு அழைப்பைப் பெறுபவர்கள் பலர். இவர்கள் தற்போதைய சபையில் எந்தத் தேதியில் சேர்ந்தார்கள் என்பதைக் காட்டும் பதிவு தேவைப்படும். "பல ஆண்டுகளாக எங்கள் சபைக்கு வருகிறார்" என்ற கடிதம் பயன்படாது. சேர்ந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, பதிவேட்டு எண், போதகரின் கையெழுத்து ஆகிய நான்கும் சபையின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும்.

அமெரிக்காவுக்கான இரண்டாவது வழி, குறுகிய காலத்துக்கான பி-1 பார்வையாளர் விசா. மிஷனெரிப் பணிக்காக வருபவர்களுக்கு இது வழங்கப்படுவதுண்டு. ஆனால் அமெரிக்காவிலிருந்து சம்பளம் பெறக்கூடாது, பொருள் விற்கக்கூடாது, காணிக்கை திரட்டக்கூடாது. கச்சேரி முடிந்ததும் குறுந்தகடு விற்கும் பாடல் குழுக்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க அனுமதிக்காது. ஆறு மாத ஊழியத்துக்கு அந்தந்த நாட்டின் நீண்டகால விசா வேண்டும். "முதலில் ஷெங்கனில் போய்விட்டு அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், எந்த நாட்டின் எந்த விதிப்படி மாற்றலாம் என்று எழுத்தில் கேளுங்கள். 2025 அக்டோபரிலிருந்து உள்ளே வருவதையும் வெளியேறுவதையும் கணினியில் பதியும் முறையும் படிப்படியாக நடைமுறைக்கு வந்துவிட்டது. நாள் கணக்கு இனி அதிகாரி முத்திரையைப் புரட்டிப் பார்ப்பதை நம்பி இல்லை.

நேபாளத்தின் நிலைமை வேறு. இந்தியர்களுக்கு அங்கே விசாவே தேவையில்லை, அதனால்தான் பல வாலிபக் குழுக்கள் முன்யோசனையின்றிக் கிளம்பிவிடுகின்றன. ஆனால் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த நேபாளக் குற்றவியல் சட்டத்தின் 158ஆம் பிரிவு, மதம் மாற்றுவதற்கு ஐந்தாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வெளிநாட்டவரானால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்தவும் சொல்கிறது. எல்லையில் யாரும் தடுக்கவில்லை என்பது ஊழியத்துக்கான அனுமதி ஆகாது.

சுற்றுலா விசா என்ற குறுக்குவழி

தாமதம் நீளும்போது ஏஜென்ட்டும் சொல்வார், சில நேரம் அழைத்த அமைப்பே சொல்லும்: "டூரிஸ்ட் விசாவில் வரச் சொல்லுங்கள், மற்றதை இங்கே பார்த்துக்கொள்கிறோம்." இதை ஏற்கவே கூடாது. விசா அதிகாரியிடம் பயண நோக்கத்தை மறைப்பது அமெரிக்கச் சட்டப்படி வாழ்நாள் முழுவதும் நுழைவை மறுக்கும் காரணமாகலாம். பிரிட்டனில் ஏமாற்று என்று பதிவானால் 10 ஆண்டு வரை விண்ணப்பங்கள் மறுக்கப்படும். இருபது வயதில் விழுந்த இந்தப் பதிவு முப்பது வயதில் மேற்படிப்புக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது எதிரே வந்து நிற்கும். யோசனை சொன்ன பெரியவர்களின் பாஸ்போர்ட்டில் எதுவும் பதிவாகாது.

நம் நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 2020 ஏப்ரலில், சுற்றுலா விசாவில் வந்து தப்லீக் ஜமாஅத் என்ற இஸ்லாமியப் பிரசார இயக்கத்தின் பணிகளில் ஈடுபட்டதாகச் சொல்லி 960 வெளிநாட்டவரை இந்திய உள்துறை அமைச்சகம் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. எந்த மதம், எந்த நாடு என்றாலும் அரசுகள் இதைப் பார்க்கும் விதம் ஒன்றுதான்.

இனிஷியல் என்னும் பெரும் சிக்கல்

தமிழ்நாட்டு இளைஞர்களின் விண்ணப்பங்களில் மற்ற மாநிலத்தவரைவிட அதிகமாகத் தலைகாட்டும் பிரச்சினை பெயர். ஒரே ஆளின் பெயர் எப்படியெல்லாம் இருக்கிறது பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "ஜெபக்குமார் எஸ்". ஆதாரில் "எஸ் ஜெபக்குமார்". ஞானஸ்நானச் சான்றிதழில் "சாமுவேல் ஜெபக்குமார்", ஏனென்றால் அது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். பாஸ்போர்ட்டில் கொடுத்த பெயர் (கிவன் நேம்) ஜெபக்குமார், குடும்பப் பெயர் (சர்நேம்) செல்வராஜ். அதாவது அப்பாவின் பெயர். நமக்கு இது ஒரே பையன். வெளிநாட்டு அதிகாரிக்கு நான்கு காகிதத்தில் நான்கு பேர்.

இதைச் சரிசெய்ய ஒரு வரிசை உண்டு.

1. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே அடிப்படையாக வையுங்கள். அழைப்புக் கடிதம், ஸ்பான்சர் சான்று, மருத்துவச் சான்று, காப்பீடு, விமான டிக்கெட் எல்லாம் எழுத்துக்கு எழுத்து அதன்படியே இருக்க வேண்டும். அழைக்கும் அமைப்புக்குப் பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பாமல், பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.

2. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்து மற்ற கட்டம் காலியாக இருந்தால், ஊழியத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே மறுவெளியீட்டுக்குப் போட்டு இரண்டு கட்டத்தையும் நிரப்புவது நல்லது. இல்லாவிட்டால் அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராகிவிடும். கொடுத்த பெயரின் இடத்தில் "எஃப்என்யூ" என்று, பெயர் தெரியவில்லை என்ற பொருளில் அச்சாகும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருவோருக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது தென்னிந்தியர்கள் திண்டாடியது பலருக்கு நினைவிருக்கும்.

3. இனிஷியலும் விரிவாக்கமும் மட்டுமே வேறுபட்டால், "இருவரும் ஒருவரே" என்ற அஃபிடவிட்டை நோட்டரி முன் எழுதி வாங்கி எல்லா விண்ணப்பத்தோடும் இணைக்கலாம். பெயரே வேறாக இருந்தால் அஃபிடவிட் போதாமல் போகலாம். எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வழியாக அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவது உறுதியான வழி. இதற்கு நாளாகும் என்பதால் இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

4. ஞானஸ்நானச் சான்றிதழில் வேறு பெயர் இருந்தால் அதைத் திருத்தச் சொல்லாதீர்கள். பழைய பதிவேட்டில் கைவைப்பது வேறு சந்தேகத்தைக் கிளப்பும். இரண்டு பெயரையும் குறிப்பிட்டு, இருவரும் ஒருவரே என்று போதகர் தனிக் கடிதம் தந்தால் போதும்.

ஒவ்வொரு காகிதத்துக்கும் ஆயுள் உண்டு

அவசரக்காரர்கள் செய்யும் தவறு நமக்குத் தெரியும், கடைசி நேரத்தில் ஓடுவது. பொறுப்பானவர்கள் செய்யும் தவறு வேறு. எல்லாவற்றையும் ஓராண்டுக்கு முன்பே வாங்கி அடுக்கி வைத்துவிடுகிறார்கள். நேர்காணல் நாளில் பாதிக் காகிதம் காலாவதியாகியிருக்கும். எது சீக்கிரம், எது கடைசியில் என்று தெரிந்துகொண்டால் இரண்டு தவறும் நேராது.

பிசிசி எனப்படும் போலீஸ் தடையில்லாச் சான்றிதழை, பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி, பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வாங்க வேண்டும். மாநிலக் காவல் துறை இணையத்தில் தரும் நன்னடத்தைச் சரிபார்ப்பு வேறு. அதைப் பெரும்பாலான தூதரகங்கள் ஏற்பதில்லை. பிசிசியை வெளியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குத்தான் பல நாடுகள் ஏற்கின்றன. நாசரேத்தில் வீடு, கோயம்புத்தூரில் படிப்பு, இப்போது சென்னையில் பைபிள் கல்லூரி விடுதி என்று இருப்பவருக்குப் போலீஸ் விசாரணை ஒன்றுக்கு மேற்பட்ட காவல் நிலையத்துக்குப் போகக்கூடும். விசாரணைக்கு வரும்போது ஆள் அந்த முகவரியில் இல்லாவிட்டால், பாதகமான அறிக்கை போய் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும். விண்ணப்பித்த வாரங்களில் ஊரை விட்டுப் போகாமல் இருப்பதும், உள்ளூர் நிலையத்துக்குத் தாமே போய்க் கேட்பதும்தான் இதற்கு மருந்து.

அப்போஸ்டில் என்பது நம் சான்றிதழ் உண்மையானதுதான் என்று வெளியுறவு அமைச்சகம் ஒட்டும் முத்திரை வில்லை. இந்த முறைக்கான ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா 2005இல் சேர்ந்தது. பிரேசிலில் 2016 முதலும் பிலிப்பைன்ஸில் 2019 முதலும் இது நடைமுறையில் உள்ளது. கல்விச் சான்றிதழானால் முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, பிறகு அமைச்சகம். பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றுக்கு மாநில உள்துறை அல்லது அதற்கு உரிய அலுவலர் முதற்படி. அமைச்சகத்தின் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். மீதி, சேகரிக்கும் நிறுவனத்தின் சேவைக் கட்டணம். ஒப்பந்தத்தில் இல்லாத நாடானால் அமைச்சகத்துக்குப் பிறகு அந்த நாட்டின் தூதரகத்திலும் சான்றொப்பம் வாங்க வேண்டும். சான்றிதழை லேமினேட் செய்துவிட்டால் வேலை நின்றுவிடும். நம் வீடுகளில் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் பெரும்பாலும் நேர்வது இதுதான்.

பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கப்போகும் இந்தியர்கள் காசநோய்ப் பரிசோதனைச் சான்று தர வேண்டும். பிரிட்டன் அரசு அங்கீகரித்த மையத்தில் எடுத்தால்தான் செல்லும். சான்று ஆறு மாதம் வரை செல்லுபடியாகும். நெஞ்சு எக்ஸ்-ரேயில் பழைய தழும்பு போல ஏதாவது தெரிந்தால் சளியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வர எட்டு வாரம் வரை ஆகும். சிறுவயதில் ப்ரைமரி காம்ப்ளெக்ஸ் (ஆரம்பக் காசநோய்) வந்து மருந்து சாப்பிட்டவர்கள் இந்த இரண்டு மாதத்தை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பணத்துக்கும் ஆயுள் உண்டு. பிரிட்டனின் தற்காலிகப் பணி விசாவுக்கு 1,270 பவுண்டு விண்ணப்பதாரர் கணக்கில் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருந்திருக்க வேண்டும். அந்த 28ஆம் நாள் விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முந்தின வாரம் சபை பணத்தைப் போட்டால் மறுப்பு நிச்சயம். இடையில் ஒரே ஒரு நாள் செலவுக்கு எடுத்தாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்துதான். ஸ்பான்சர் அமைப்பே செலவை ஏற்பதாகச் சான்றில் குறித்தால் இந்தத் தொல்லை இல்லை. அதைக் கேட்டுப் பெறுங்கள். சுகாதாரக் கட்டணமும் தனி. ஆண்டுக்கு 1,035 பவுண்டு என்ற விகிதத்தில் இரண்டு ஆண்டுக்கு 2,070 பவுண்டை விண்ணப்பிக்கும்போதே முழுவதும் கட்ட வேண்டும். விசா மறுக்கப்பட்டால் இது திரும்ப வரும், விசா கட்டணம் வராது.

ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு அதற்கான தடுப்பூசி. கிண்டி கிங் நிலையத்திலும் சென்னைத் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழிந்த பிறகே அட்டை செல்லும். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுக்கப் போதும், ஆகவே இதை மட்டும் எவ்வளவு சீக்கிரம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அட்டை இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.

இவற்றைப் புறப்படும் நாளிலிருந்து பின்னோக்கி அடுக்கினால், ஓராண்டுக்கு மேற்பட்ட ஊழியத்துக்கு ஒரு நடைமுறைக் கால அட்டவணை கிடைக்கும்.

1. பன்னிரண்டு மாதம் முன்: பாஸ்போர்ட், பெயர்த் திருத்தம், அரசிதழ். ஊழியக் காலம் முடிந்த பிறகும் ஆறு மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். சிறுவயதில் எடுத்த பாஸ்போர்ட் ஐந்தாண்டுக்குத்தான் என்பதைப் பாருங்கள்.
2. ஒன்பது மாதம் முன்: விசா வகை முடிவு. அழைக்கும் அமைப்பு தன் நாட்டில் செய்ய வேண்டிய மனு.
3. ஏழு மாதம் முன்: கல்வி, பிறப்புச் சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில். தடுப்பூசி.
4. ஐந்து மாதம் முன்: பிசிசி, மருத்துவப் பரிசோதனை, வங்கிக் கணக்கில் பணம்.
5. மூன்று மாதம் முன்: விசா விண்ணப்பம். பிரிட்டனுக்குப் பணி தொடங்கும் நாளுக்கு மூன்று மாதத்துக்கும் முன்னதாக விண்ணப்பிக்கவே முடியாது. குறுகிய கால ஊழியத்துக்கான ஷெங்கனுக்கு ஆறு மாதம் முன்பிருந்து முடியும். முடிவெடுக்க 15 நாள், அது 45 நாள் வரை நீளலாம்.
6. விசா கைக்கு வந்தபின்: டிக்கெட்.

ஆறாவது வரியைப் பல குழுக்கள் தலைகீழாகச் செய்கின்றன. மலிவாகக் கிடைக்கிறது என்று முன்பே டிக்கெட் எடுத்து, அந்தத் தேதியைக் காட்டித் தூதரகத்தை அவசரப்படுத்த நினைக்கிறார்கள். எந்தத் தூதரகமும் இதற்கு அசையாது. முன்பதிவுச் சான்று கேட்டால், ரத்து செய்யக்கூடிய முன்பதிவு போதும்.

நேர்காணலும் அதன் பிறகும்

அமெரிக்க விசாவுக்குச் சென்னையில் இரண்டு வருகை, கைரேகைப் பதிவு ஒருநாள், நேர்காணல் வேறொரு நாள். நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வருபவர் இரண்டு இரவு தங்க ஏற்பாடு செய்ய வேண்டும். டிஎஸ்-160 என்ற இணைய விசா விண்ணப்பப் படிவத்தில் கடந்த ஐந்தாண்டில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்பார்கள். விட்டுவிட்ட பழைய கணக்கையும் எழுத வேண்டும். முன்பு எந்த விசா மறுப்பு இருந்தாலும் மறைக்கக் கூடாது.

அதிகாரி கேட்பது பெரும்பாலும் எளிய கேள்விகள். ஒரு நாளில் என்ன செய்வாய், எங்கே தங்குவாய், சாப்பாட்டுக்குப் பணம் யார் தருகிறார், திரும்பி வந்து என்ன செய்வாய்? மேடைச் சாட்சி போல நீளமாகப் பேசிப் பழகிய பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். "திங்கள் முதல் வெள்ளி வரை காலை உணவு வங்கியில், மாலை சிறுவர் வகுப்பில் உதவுவேன், தங்குமிடம் அமைப்பின் விடுதி, மாதச் செலவை என் சபை தருகிறது" என்ற அளவுக்குத் தெளிவு வேண்டும். அழைப்புக் கடிதமும் இதையே சொல்ல வேண்டும்.

முடிவுகளில் இரண்டைக் குழப்பிக்கொள்கிறார்கள். அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 221(ஜி) பிரிவைக் காட்டும் சீட்டு வந்தால் விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது, கூடுதல் ஆவணமோ சரிபார்ப்போ நிலுவை. கேட்டதை மட்டும் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அதே சட்டத்தின் 214(பி) என்றால் மறுப்பு. மேல்முறையீடு கிடையாது, மீண்டும் விண்ணப்பிக்கலாம். ஆனால் எதுவும் மாறாமல் அடுத்த மாதமே விண்ணப்பித்தால் அதே முடிவு வரும். புதிய கடிதம், தெளிவான பணித் திட்டம், திரும்பி வருவதற்கான படிப்போ வேலையோ என்று ஏதாவது ஒன்று உண்மையில் மாறியிருக்க வேண்டும்.

பயிற்சித் திட்டங்களில் இன்னொரு சிக்கல் வருகிறது. யூத் வித் எ மிஷன் போன்ற இயக்கங்களின் சீடத்துவப் பயிற்சியில் மூன்று மாதம் வகுப்பு, பிறகு வேறு நாட்டில் களப்பணி. உடன் படிக்கும் ஐரோப்பிய இளைஞர்கள் விசா இல்லாமல் பறக்கும் நாட்டுக்கு இந்தியப் பாஸ்போர்ட்காரர் விசா எடுக்க வேண்டும், அதுவும் மூன்றாவது நாட்டிலிருந்து. 2025 செப்டம்பரிலிருந்து அமெரிக்கா, குடியேற்றம் அல்லாத தற்காலிக விசாக்களுக்கான விண்ணப்பதாரர்கள் தம் சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் நேர்காணலுக்கு வர வேண்டும் என்கிறது. ஆகவே பயிற்சியில் சேரும் முன்பே களப்பணி எந்த நாட்டில் என்று கேட்டு, இந்தியாவை விட்டுக் கிளம்புவதற்கு முன் அந்த விசாவையும் முடிக்கப் பாருங்கள். முடியாவிட்டால் இந்தியருக்கு எளிதான நாட்டுக்குப் போகும் குழுவில் சேர்க்கும்படி பயிற்சி மையத்திடம் கேட்கலாம். இது சலுகை கேட்பதாகாது, கூச்சப்பட வேண்டியதில்லை.

விமானம் ஏறும் நாள்

விசா வந்தும் பயணம் நிற்பதற்கு முக்கியக் காரணம் வழியில் மாறும் விமான நிலையம். அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறினால், வெளியே போகாவிட்டாலும் விசா வேண்டும். பிரேசிலுக்கு அமெரிக்கா வழியாக மலிவு டிக்கெட் எடுத்தவர் சென்னையிலேயே திருப்பி அனுப்பப்படுவார். பிரிட்டன் வழியாகப் போகவும் இந்தியர்களுக்குப் பொதுவாக டிரான்ஸிட் விசா வேண்டும். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் இடையில் பெட்டியை எடுத்து மறுபடி போட நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பும் இல்லை. ஒரே டிக்கெட்டில், வளைகுடா வழியாகவோ நேரடியாகவோ போவது சற்று விலை கூடினாலும் முதல்முறை பறக்கும் இளைஞருக்கு அதுவே சரி.

2025 ஜூலை முதல் பிரிட்டனின் பணி விசாக்கள் பெரும்பாலும் பாஸ்போர்ட்டில் ஒட்டப்படுவதில்லை. இணையக் கணக்கில்தான் இருக்கும். அந்தக் கணக்கு தற்போதைய பாஸ்போர்ட் எண்ணோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். விசா வந்தபின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர்கள் இதை மறந்தால் கவுன்டரில் தகவல் பொருந்தாது. அழைத்தவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் காகிதத்தில் கைப்பையில் இருக்கட்டும். பேட்டரி தீர்ந்த போனைக் காட்டி எந்த அதிகாரியிடமும் விளக்க முடியாது.

காத்திருக்கும் மாதங்கள்

எல்லாம் சரியாகச் செய்தும் தாமதம் வரலாம். இதை முறையாகக் கையாளும் ஒரு முன்மாதிரி உண்டு. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, மார்மன் சபை என்று பலர் அறிந்தது, பையன்களை 18 வயதிலிருந்தே இரண்டாண்டுக்கும் பெண்களை 18 மாதத்துக்கும் ஊழியத்துக்கு அனுப்புகிறது. பிரேசில் போன்ற நாடுகளுக்கு அழைக்கப்பட்ட அமெரிக்க இளைஞர்களுக்கு விசா தாமதமானால் அவர்களை வீட்டில் உட்கார வைப்பதில்லை. அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு மிஷனில் தற்காலிகமாக நியமிக்கிறார்கள். ஊழியக் காலமும் அன்றிலிருந்தே எண்ணப்படுகிறது. விசா வந்ததும் அங்கிருந்தே பயணம். உபதேசத்தில் அவர்களோடு நமக்கு எவ்வளவு வேறுபாடு இருந்தாலும், இந்த நிர்வாக ஏற்பாடு கற்றுக்கொள்ள வேண்டியது.

தமிழ்ச் சபைகள் இதில் செய்யக்கூடியது நிறைய. வழியனுப்பு ஆராதனையை விசா வந்த பிறகு வையுங்கள். சால்வை போர்த்தி, மேடையில் ஜெபித்து அனுப்பிய பிள்ளை அடுத்த ஞாயிறும் அதே பெஞ்சில் உட்கார்ந்தால், "இன்னும் போகலையா?" என்ற கேள்வியை வாரம் முழுக்கச் சுமக்கிறது. வெட்கத்தில் சபைக்கே வராமல் போனவர்களும் உண்டு. தாமதம் நேர்ந்தால் போதகரே சபையில் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும், பிள்ளை ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க விடக்கூடாது. வாக்களித்த மாதக் காணிக்கையையும் நிறுத்த வேண்டாம். காத்திருக்கும் காலத்தில் அந்த நாட்டு மொழி, முதலுதவி, ஓட்டுநர் உரிமம், கணக்கு எழுதும் பழக்கம் என்று களத்தில் உதவுகிறவற்றைப் படிக்கச் செய்யலாம்.

இந்தியாவுக்குள் தற்காலிகமாக அனுப்புவதும் நல்ல வழி. திருநெல்வேலியில் 1903இல் தொடங்கிய இந்திய மிஷனெரிச் சங்கம் முதலாகத் தமிழர்கள் நடத்தும் பணித்தளங்கள் பல மாநிலங்களில் உண்டு. வடகிழக்குக்கு அனுப்பினால் ஒன்றை மறக்காதீர்கள். அருணாச்சலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் ஆகியவற்றுக்குப் போக இந்தியக் குடிமக்களுக்கும் இன்னர் லைன் பெர்மிட் என்ற நுழைவு அனுமதி வேண்டும். 1873ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழி வந்தது இது. மிசோரத்தில் தற்காலிகப் பெர்மிட் 15 நாளுக்குத்தான். ஆறு மாதம் தங்க உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

எதிர்த்திசையில் வருபவர்கள்

வெளிநாட்டு இளைஞர்களை அழைக்கும் தமிழகச் சபைகளும் இதே கவனத்தோடு இருக்க வேண்டும். இந்தியாவில் மிஷனெரிப் பணிக்கென்றே தனி விசா வகை உண்டு. சுற்றுலா விசாவில் வந்தவர் ஆராதனையில் உட்காரலாம், பிரசங்கம் செய்யக்கூடாது. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் இணையவழி பதிவு செய்ய வேண்டும்.

பலருக்குத் தெரியாதது, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை பற்றிய விதி. லண்டனிலோ டொராண்டோவிலோ வளர்ந்த இந்திய வம்சாவளிப் பிள்ளை அந்த அட்டையில் எத்தனை முறையும் வரலாம். ஆனால் மிஷனெரி அல்லது தப்லீக் பணியில் ஈடுபட முன்னனுமதி பெற வேண்டும் என்று 2021 மார்ச் 4 அன்று உள்துறை அமைச்சகம் அறிவித்தது. அத்தை வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த பெண்ணை விடுமுறை வேதாகமப் பள்ளியில் பாடம் நடத்தக் கூப்பிடும் முன், அந்த அனுமதி தேவையா என்று பதிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பதில் வரும்வரை அவள் பாட்டு வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கட்டும்.